பழைய லேத்துக்குச் சேர்வோ மோட்டர்

போன மாரியில் ஒரு மழை நாள். திருக்கடலூர் அண்ணை ஒருவரின் படகுக்கு வெண்கலப் புஷ் ஒன்று கடைந்துகொண்டிருந்தேன். வேலை பாதியில் நிற்க, லேத்தின் மோட்டரில் இருந்து புகை வந்தது. அரை குதிரைவலு, சிங்கிள் பேஸ், நிமிடத்துக்கு 1,420 சுற்று. திறந்து பார்த்தால் காரணம் மிகச் சின்னது. மோட்டர் வேகம் பிடித்ததும் தொடக்கச் சுருளை வெட்டிவிட வேண்டிய சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. புறப்படும்போது ஓரிரு விநாடி மட்டும் கரண்ட் எடுக்க வேண்டிய சுருள் விடாமல் எடுத்துக் கருகிப்போனது. எங்கள் பட்டறை திருகோணமலை உட்துறைமுகப் பக்கம். அந்த உப்புக்காற்றில் சுவிட்சின் ஸ்பிரிங் இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய விஷயம்.

லேத் ஒரு மைஃபோர்ட் எம்எல்7. 1957 இல் பிரித்தானியர் இங்குள்ள கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்த காலத்தில் டொக்யார்ட் சாமான்களோடு சாமானாக வெளியே வந்ததை அப்பப்பா வாங்கினார் என்று அப்பா சொல்வார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை, அப்பாவின் வாய்தான் சாட்சி. மோட்டரில் இருந்து பின்பக்கத் தண்டுக்கு ஒரு வி பெல்ட், அங்கிருந்து வேலைப்பொருளைச் சுற்றும் பிரதான தண்டான ஸ்பிண்டிலுக்கு மூன்று படிப் புல்லி. மோட்டருக்கும் பின்தண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. அதனால் ஸ்பிண்டிலுக்குக் கிடைக்கும் வேகங்கள் 640, 357, 200. வேகத்தை இன்னும் குறைக்கும் பற்சக்கரத் தொகுதியான பின்கியரைப் போட்டால் 110, 62, 35. ஸ்பிண்டில் ஓடுவது மிருதுவான உலோகமான வைட் மெட்டல் பேரிங்கில். ஆகவே 640ஐத் தாண்டிப் பெரிதாக ஓடவிடும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.

மோட்டரைத் திரும்பச் சுற்றக் கொடுத்திருக்கலாம். அல்லது த்ரீ பேஸ் மோட்டர் ஒன்றும், கரண்டின் அதிர்வெண்ணை மாற்றி அதன் வேகத்தை மாற்றும் இன்வேட்டரும் வாங்கியிருக்கலாம். மலிவாக வேகத்தை மாற்ற விரும்புகிற ஒருவர் என்னிடம் கேட்டால் இன்றைக்கும் அதையே வாங்கச் சொல்வேன். எனக்கு இருந்த தேவை வேறு. இங்கே வரும் வேலையில் பாதி படகுச் சாஃப்டுக்கு மரை போடுவது. மரை போய் நிற்கும் இடத்தில் தோள், அதாவது தண்டு தடிக்கும் விளிம்பு, இருக்கும். அந்த இடத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் ஆமை வேகத்தில் வர வேண்டும், அதே நேரம் டூல் கடித்தாலும் நின்றுவிடக் கூடாது. சாதாரண மோட்டரை இன்வேட்டரில் 5, 6 ஹேர்ட்ஸுக்கு இறக்கினால் முறுக்குவிசை தளர்ந்துவிடும். அதன் விசிறியும் அதே தண்டில் இருப்பதால் காற்றும் இல்லாமல் சூடேறும். சேர்வோ என்பது தன் வேகத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் மோட்டர், அதற்கு அந்தக் கவலை இல்லை. நிமிடத்துக்கு 10 சுற்றிலும் 3,000 சுற்றிலும் ஒரே முறுக்குவிசைதான். வேகம் குறைந்தால் பின்னால் இருக்கும், சுற்றை அளக்கும் என்கோடர் உடனே பார்த்துச் சொல்லிவிடும், மோட்டரை இயக்கும் மின்னணுப் பெட்டியான டிரைவ் கரண்டைக் கூட்டித் தள்ளும்.

முதலில் கையில் கிடைத்தது தையல் மெஷின் சேர்வோ, 550 வாட். ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்துப் போட்டவை நம் நாட்டில் எங்கும் கிடைக்கும். மிதியை எடுத்துவிட்டுச் சின்ன வொல்யூம் கட்டையைப் போட்டேன். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் நன்றாகக் கடைந்தது. இரும்பில் கொஞ்சம் ஆழம் கொடுத்து வேகத்தைக் குறைத்தால் திக்கித் திக்கி நின்றது. துணியைக் குத்தி எடுக்கும் வேலைக்குப் பிறந்த மோட்டரை இரும்பு வெட்டவில்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை. ஆனாலும் அது ஒரு நல்ல காரியம் செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு வாங்கியதுதான் இப்போது ஓடுகிற ஏசி சேர்வோ. 750 வாட், 80 மில்லிமீட்டர் முகப்பு, 19 மில்லிமீட்டர் தண்டு, 3,000 சுற்று. டிரைவுக்கு 230 வோல்ட் சிங்கிள் பேஸ் போதும். 370 வாட் இருந்த இடத்தில் 750 வாட், இரட்டிப்புப் பலம் என்று நினைத்துத்தான் காசைக் கொடுத்தேன். பார்சலைப் பிரித்து மோட்டரின் பெயர்த்தகட்டை வாசித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

தகட்டில் 2.39 நியூட்டன் மீட்டர் என்றிருக்கிறது. கிலோவாட்டை 9,550 ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் முறுக்குவிசை வரும். பழைய மோட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: 0.37 ஐ 9,550 ஆல் பெருக்கி 1,420 ஆல் வகுத்தால் 2.49. அதாவது பழைய அரைக் குதிரையின் இழுவை புதிய 750 வாட் சேர்வோவை விட ஒரு மயிரிழை கூட! சேர்வோவின் 750 வாட் முழுவதும் கிடைப்பது 3,000 சுற்றில் மட்டும். 1,420 இல் ஓடினால் கிடைப்பது 355 வாட். 700 இல் ஓடினால் அதிலும் பாதி. பெரிய மெஷின்களில் ஸ்பிண்டிலுக்கென்றே செய்த மோட்டர்கள் வேறு சாதி. அவை ஒரு வேகத்துக்கு மேலே போனால் முறுக்குவிசையை விட்டுக்கொடுத்து வலுவைச் சமமாக வைத்திருக்கும். நிரந்தரக் காந்தம் வைத்த சாதாரண சேர்வோவில் அந்த நீண்ட மேல்வீச்சு இல்லை.

சேர்வோவுக்கு இருக்கும் ஒரே கையிருப்பு, சில விநாடிகளுக்கு மூன்று மடங்கு தள்ளும், ஏழு நியூட்டன் மீட்டர் வரை. டூல் கடிக்கும் நேரத்துக்கு அது உதவும். அதை நம்பி வேலை பார்க்க முடியாது.

ஆகவே பழைய நாலுக்கு ஒன்று பெல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மோட்டரை 2,800 வரை ஓடவிட்டு, ஸ்பிண்டில் பெல்ட்டை நடுப்படியில் போடுவது என்று முடிவெடுத்தேன். நடுப்படி ஒன்றுக்கு ஒன்று. ஸ்பிண்டில் பூச்சியத்தில் இருந்து 700 வரை ஓடும், முறுக்குவிசை ஒன்பதரை நியூட்டன் மீட்டர். மேல்படியில் பெல்ட்டைப் போடுவதே இல்லை. மறந்து போட்டால் ஸ்பிண்டில் 1,250 தொட்டுவிடும், பேரிங்குக்கு அன்றோடு கதை முடிந்தது. அந்தப் படியில் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன்.

சரி, மாட்டும் வேலை. பழைய மோட்டர் கீலில் தொங்கி, தன் பாரத்தாலேயே பெல்ட்டை இழுத்து வைத்திருந்தது. சேர்வோ மூன்று கிலோ வரும், அந்தப் பாரம் போதாது. 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அதன் முகப்பை நான்கு போல்ட்டால் பிடித்து, துளைகளை நீளமாக வெட்டி, தள்ளி இறுக்கும்படி செய்தேன். தகடு தடிப்பாக இருக்க வேண்டியதற்கு உறுதி மட்டும் காரணம் இல்லை. சேர்வோவில் விசிறி கிடையாது, சூடு முகப்பு வழியாகத்தான் வெளியேறும். மெல்லிய தகட்டில் பிடித்தால் பெயர்த்தகட்டில் எழுதியிருக்கிற முறுக்குவிசையை நாள் முழுக்க எடுக்க முடியாது. பெல்ட்டையும் அளவாகத்தான் இறுக்க வேண்டும். இந்த மோட்டர்களின் முன் பேரிங் பக்கவாட்டு இழுவைக்குக் கட்டியதல்ல.

பழைய புல்லியின் துளை ஐந்தெட்டு இஞ்சி, கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். அதை 19 ஆக்க வேண்டும். ஆக்குவதற்கு லேத் வேண்டும், லேத்துக்கோ மோட்டர் இல்லை. அப்போதுதான் அந்தத் தையல் மெஷின் சேர்வோ தன் கடனைத் தீர்த்தது. வேறொரு சின்னப் புல்லியோடு அதைக் கட்டி, கீறல் கீறலாக ஒரு பின்னேரம் முழுக்கத் துளையைப் பெருப்பித்தேன். புல்லி தண்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்காடியை வெட்டியது கை அரத்தால்.

புல்லியைத் தண்டில் ஏற்றும்போது அப்பா பழக்க தோஷத்தில் சுத்தியலை நீட்டினார். வாங்கி ஓரமாக வைத்தேன். சேர்வோவின் பின்பக்கம் என்கோடர் இருக்கிறது, முன்னால் விழும் அடி நேரே அதற்குத்தான் போகும். தண்டின் நுனியில் மரை போட்ட துளை ஒன்று விட்டிருப்பார்கள். அதில் போல்ட்டைப் போட்டு, வாஷர் வைத்து முறுக்கினால் புல்லி தானாக ஏறிக்கொள்ளும்.

வயரிங்கில் முதல் நாளே தகராறு. டிரைவுக்குக் கரண்ட் கொடுத்த மறுகணம் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. ஏர்த்துக்குக் கரண்ட் கசிகிறதோ என்று மெகர் வைத்துப் பார்த்தேன், மோட்டர் சுத்தம். குற்றவாளி, நல்லது செய்கிறேன் என்று நான் முன்னால் போட்ட மின் இரைச்சல் வடிகட்டி. அதற்குள் இருக்கும் கொள்ளளவிகள் எந்நேரமும் கொஞ்சம் கரண்டை ஏர்த்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மோட்டர் கேபிளின் கவசமும் தன் பங்குக்கு விடும். 30 மில்லி அம்பியரில் விழுகிற ஒரே ட்ரிப் சுவிட்ச்சில் பிரிட்ஜ், தண்ணீர்ப் பம்பு, பட்டறை எல்லாம் தொங்கினால் எல்லோருடைய கசிவும் சேர்ந்துவிடும். அதை நேரடியாக்கிவிடு தம்பி என்று ஆலோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஈரத் தரையில் நின்று வேலை பார்ப்பவன் நான், அந்த ஆலோசனை எனக்கு வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பட்டறைக்குத் தனி லைனும் தனி ட்ரிப் சுவிட்ச்சும் போட்டேன். ஐந்து மீட்டர் மோட்டர் கேபிளையும் வெட்டிப் பாதி நீளமாக்கினேன். அதன் பிறகு விழவில்லை.

டிரைவை வேக முறையில் வைத்து, பத்து கிலோ ஓம் வொல்யூம் கட்டையால் பூச்சியத்தில் இருந்து 10 வோல்ட் கொடுத்தேன். கட்டையை முழுக்கக் குறைத்தாலும் சக் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாக, கள்ளன் மாதிரி அசைந்துகொண்டே இருந்தது. பூச்சியம் என்று நாம் அனுப்பும் வோல்டேஜ் உண்மையில் சில மில்லிவோல்ட். சாதாரண மோட்டராக இருந்தால் கண்டுகொள்ளாது, சேர்வோவோ அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு கீழ்ப்படிகிறது. டிரைவின் அமைப்பு எண்ணான பராமீட்டரில் அந்தக் கொஞ்ச வோல்டேஜைக் கழித்து, ஒரு அளவுக்குக் கீழே வந்தால் பூச்சியமாகவே எடுத்துக்கொள் என்றும் போட்டேன். அது மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நின்ற சக்கில் சாவியைப் போடும் முன்னே சேர்வோவையே ஓஃப் பண்ணும் சுவிட்ச் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அதை அமர்த்தாமல் சக்கைக் கையால் திருப்பவும் முடியாது, கல்லுப் போல நிற்கும்.

டியூனிங் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. தானாகச் சரிசெய்யும் வசதியை ஓடவிட்டால் மோட்டர் உம்ம் என்று வண்டு மாதிரி பாடியது. நடுவில் ரப்பர் பெல்ட் இரண்டு இருக்கும்போது டிரைவ் எதிர்பார்க்கும் விறைப்பு அங்கே கிடையாது. வேகம் விலகும்போது டிரைவ் எவ்வளவு கடுமையாகத் திருத்துகிறது என்ற அளவை, அதாவது கெயினை, பாதியாகக் குறைத்தேன், பாட்டு நின்றது. ஸ்பிண்டிலுக்கு அந்த அளவு போதும்.

இனி, சக் கழன்ற கதை.

முதல் கிழமை எனக்குத் தலைகால் தெரியவில்லை. 4 இஞ்சி மூன்று தாடைச் சக்கோடு 640 இல் ஓடவிட்டு ஸ்டொப்பை அழுத்தினால் கண் இமைக்கும் நேரத்தில் நின்றது. பக்கத்துக் கடைத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஒரு நாள் கோணலான வார்ப்பு ஒன்றுக்காக 6 இஞ்சி நான்கு தாடைச் சக்கைப் போட்டேன். ஸ்டொப்பை அழுத்தியதும் டிரைவ் அலாரம் காட்டி விட்டுவிட்டது. வோல்டேஜ் கூடிவிட்டதாம்.

காரணம் விளங்கியது. சேர்வோ பிரேக் பிடிக்கும்போது அதுவே டைனமோ ஆகிறது. சக்கில் இருக்கும் ஓட்டம் கரண்டாகி டிரைவுக்குள் திரும்பி வருகிறது. 230 வோல்டைச் சீராக்கினால் உள்ளே 325 வோல்ட். 400 அளவில் அலாரம். எங்கள் டிரைவில் இருப்பது 470 மைக்ரோஃபேரட் கொள்ளளவிகள் இரண்டு. 325 இல் இருந்து 400 வரை அவை விழுங்கக்கூடியது 25 ஜூல். ஆறு கிலோச் சக் 640 சுற்றில் வைத்திருப்பது 39 ஜூல். மூன்று தாடைச் சக்கில் இருப்பது 11 ஜூல்தான், அதனால்தான் அது சத்தம் இல்லாமல் நின்றது.

தீர்வு புத்தகத்தில் உள்ளதுதான். மிச்சக் கரண்டைச் சூடாக்கி விடும் பிரேக் தடை. 50 ஓம், 100 வாட். வாங்கிப் பூட்டினேன். நான்கு தாடைச் சக்கைப் போட்டு, 640 இல் ஓடவிட்டு, ஸ்டொப்பை அழுத்தினேன். அலாரம் வரவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

சக் ஸ்பிண்டிலில் இருந்து ஒன்றரைச் சுற்றுக் கழன்று, தோளை விட்டு 3 மில்லிமீட்டர் வெளியே வந்து நின்றது. எம்எல்7 இல் சக் மரையில்தான் பூட்டும், ஒன்றே அரைக்கால் இஞ்சித் தண்டு, இஞ்சிக்கு 12 மரை. வெட்டும்போது டூலின் எதிர்ப்பு சக்கை இன்னும் இறுக்கும், அதனால் எழுபது வருடமாக யாருக்கும் பிரச்சினை வரவில்லை. ஆனால் ஸ்பிண்டிலைத் திடீரென்று பிடித்து நிறுத்தினால் சக் தன் ஓட்டத்தில் முன்னே போகப் பார்க்கும். முன்னே போவதென்றால் கழல்வது. பழைய மோட்டர் ஓஃப் பண்ணினால் தன்பாட்டுக்கு ஓடி ஓய்ந்து நிற்கும். இந்த மோட்டரோ மூன்று மடங்கு பலத்தை நாலு மடங்காக்கி, ஸ்பிண்டிலை 28 நியூட்டன் மீட்டரில் பிடிக்கிறது. இன்னும் நான்கைந்து சுற்றுக் கழன்றிருந்தால் ஆறு கிலோ இரும்பு சுற்றிக்கொண்டே பெட்டில் விழுந்து, அங்கிருந்து என் மடிக்கு வந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால், அதற்கு முன்னே அலாரம் அடித்துக் கைவிட்டதுதான் என்னைக் காத்தது. நான் காசு கொடுத்து வாங்கியது அந்தக் காவலைக் கழற்றும் பொருள்.

இப்போது வேகம் ஏறவும் இறங்கவும் மூன்று விநாடி கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று விநாடியில் பேரிங்கும் பெல்ட்டுமே பாதி ஓட்டத்தைத் தின்றுவிடுகின்றன. வோல்டேஜ் 340 ஐத் தாண்டுவதில்லை. தடையைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். பின்பக்கமாகச் சுற்றுவதைப் பராமீட்டரிலேயே பூட்டிவிட்டேன். இன்னொன்றும் பார்க்க வேண்டியிருந்தது. பல டிரைவ்கள் அவசர நிறுத்தத்தில் மோட்டரின் சுருள்களை ஒன்றோடொன்று குறுக்கே கட்டிப் பிரேக் பிடிக்கும். அதுவும் ஒரு திடீர் நிறுத்தம்தான். அதை மாற்றி, அவசர பொத்தானை அடித்தால் கரண்ட் அறுந்து சக் தன்பாட்டில் ஓடி நிற்கும்படி வைத்தேன். கை மாட்டினால் உடனே நிற்க வேண்டாமா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. உடனே நிறுத்தினால் சக் பறக்கும், ஓடவிட்டால் இரண்டு மூன்று விநாடி கூடப் போகும். போல்ட்டால் பூட்டும் சக் இருக்கிற லேத் என்றால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

அடுத்த சோதனை துருப்பிடியா இரும்புச் சாஃப்ட், 25 மில்லிமீட்டர். சாதாரண ஹைஸ்பீட் டூலுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம் என்று எடுத்தால் 250 சுற்று. பெல்ட் நடுப்படியில். டூல் இறங்கியதும் டிரைவின் திரையில் முறுக்குவிசை 180 சதவீதம் காட்டியது. ஒழுங்காகத்தான் வெட்டியது, சுருள் நீலமாக வந்தது. அரை நிமிடத்தில் அளவுக்கு மீறிய பாரம் என்று அலாரம். 250 சுற்றில் மோட்டர் ஓடுவது ஆயிரத்தில். ஆயிரத்தில் அதனிடம் இருப்பது 250 வாட்தான்.

பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றினேன். ஸ்பிண்டில் அதே 250, மோட்டர் 1,785. திரையில் 100, 101. நாள் முழுக்க ஓடலாம். வேகத்தைக் கட்டையில் திருப்பலாம், இனிப் பெல்ட்டில் கை வைக்கத் தேவையில்லை என்று வீட்டில் சொல்லித்தான் இந்தச் செலவுக்குச் சம்மதம் வாங்கினேன். அப்பா பெல்ட் மூடியைத் திறந்து மூடியபடி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் உறைத்தது.

மரை போடும் வேலைக்குப் பின்கியரைச் சேர்த்து, தோளை நெருங்கும்போது கட்டையை இறக்கினால், சக் ஒரு பல் ஒரு பல்லாக வந்து நிற்கிறது. இதற்காகத்தான் வாங்கினேன், இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. திருக்கடலூர் அண்ணையின் புஷ்ஷும் ஒரு மாதம் பிந்தி முடிந்தது. 50 மில்லிமீட்டர் வெண்கலம், 400 சுற்று, மேற்பரப்பில் ஒரு அதிர்வுக் கோடு இல்லை. வந்து எடுத்தவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “மெஷின் ஓடுதா இல்லையா தம்பி? சத்தத்தையே காணேல்ல” என்றார்.

உப்புக்காற்றுக்குத்தான் இன்னும் முழுப் பதில் இல்லை. டிரைவின் விசிறி வெளிக்காற்றை இழுத்துத் தன் பலகையிலேயே பூசிக்கொள்ளும். அதனால் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து, சூட்டை வெளியே கொண்டுபோக டிரைவின் முதுகைப் பெட்டிச் சுவரோடு ஒட்டி இறுக்கினேன். என்கோடர் பிளக்கின் ஊசிகளில் ஏற்கெனவே பச்சை பிடித்திருந்தது, துடைத்து கிரீஸ் போட்டு ரப்பர் டேப் சுற்றியிருக்கிறேன். அடுத்த மாரி ஐப்பசியில் தொடங்கும். அப்போது திறந்து பார்க்க வேண்டும்.